2.0: பட்சிராஜனை ஜெயித்தார்கள், பதில் சொன்னார்களா?

கபிலன் (இழையைத் தொடங்கியவர்)

நேற்று டிவியில் ஷங்கரின் 2.0 ஓடியது, ரஜினியின் எந்திரனுக்கு இரண்டாம் பாகம். விளம்பர இடைவேளைகளோடு பார்த்ததில் ஒரு நன்மை, நடுநடுவே யோசிக்க நேரம் கிடைத்தது. 2018 நவம்பர் 29 அன்று படம் வந்தபோது நடந்த சண்டையெல்லாம் வசூலைப் பற்றியும் கிராபிக்ஸைப் பற்றியும்தான். இப்போது அந்தச் சத்தம் ஓய்ந்துவிட்டது. இரண்டாம் பாகம் என்ற வகையில் இது தேறுகிறதா என்று நிதானமாகப் பேசலாம்.

என் கட்சி இதுதான். எந்திரன் (2010) ஒரு கேள்வியைக் கையில் கொடுத்துவிட்டு முடிந்தது. மனிதன் செய்த இயந்திரத்துக்கு உணர்ச்சி வந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நீதிமன்றம் கழற்றிப் போடச் சொல்கிறது. ரஜினி நடித்த அந்த இயந்திரம், சிட்டி, தன் கையாலேயே தன்னை ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக்கொள்கிறது. ரஜினியின் நடிப்பு என்று பேச்சு வந்தால் நான் முதலில் சொல்லும் காட்சி அது.

2.0 அந்தக் கேள்வி பக்கமே போகவில்லை. கழற்றி வைத்ததை எடுத்துப் பூட்டினார்கள், சண்டைக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். தன்னை இத்தனை வருடம் மூலையில் போட்டவர்கள் ஆபத்து என்றதும் வந்து நிற்கிறார்களே என்று சிட்டிக்கு ஒரு வருத்தமோ, ஒரு நக்கலோ, குறைந்தபட்சம் ஒரு தயக்கமோ வேண்டாமா? முதல் பாகத்தில் காதலித்த, கோபப்பட்ட, பொய் சொன்ன பாத்திரம் இதில் வெறும் ஆயுதம்.

ஆனால் வில்லன் விஷயத்தில் ஷங்கர் பெரிய இடத்துக்குப் போயிருக்கிறார். அக்‌ஷய் குமார் செய்த பட்சிராஜன், செல்போன் கோபுரங்களால் பறவைகள் சாகின்றன என்று போராடிச் செத்து, ஆவியாக வந்து பழிவாங்குபவர், கெட்டவர் இல்லை. அவர் சொல்வது பாதிக்குமேல் நியாயம். அப்படிப்பட்ட ஒருவரை எதிரே நிறுத்தினால் கதாநாயகன் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். படம் அடித்து ஜெயிக்கிறது, பதில் சொல்லவில்லை. என் குறை இதுதான். மற்றதை நீங்கள் சொல்லுங்கள்.

தலைவர்பக்தன்

அண்ணே, குழந்தை குட்டிகளோடு போய் கைதட்டிப் பார்த்த படம். எல்லாத்துக்கும் தத்துவம் வேணுமா? குட்டிக் குட்டி சிட்டி ரோபோ, அந்த 3.0, புறா முதுகில் ஏறி வந்தபோது தியேட்டரில் எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கு. தமிழில் இந்த அளவுக்கு யார் துணிஞ்சு எடுத்தாங்க, அதைச் சொல்லுங்க முதல்ல. எத்தனை கோடி வசூல்னு தெரியுமா...

மட்டுறுத்துநர்

வசூல் கணக்குக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே படத்தைப் பற்றி மட்டும். கோடிகளை அங்கே கொட்டுங்கள்.

ரீல்பெட்டி

தலைவர்பக்தன் சொல்வதில் உள்ள நியாயத்தை நான் வேறு விதமாகச் சொல்கிறேன். ரொம்ப வருடம் புரொஜக்டர் அறையில் இருந்தவன், அதனால் கதையை விட்டுவிட்டுப் படத்தைப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு.

இதன் முதல் நாற்பது நிமிடம் போல ஒன்று அதற்கு முன் தமிழில் வந்ததில்லை. ஊரில் எல்லார் கையிலிருந்தும் போன் பிடுங்கிக்கொண்டு மேலே பறக்கிறது. யார் செய்கிறார்கள், எதற்கு என்று தெரியாது. சாலை முழுக்கப் போன்கள் கரிய அலை மாதிரி புரண்டு வருகின்றன. ராத்திரி காட்டுக்குள் திரைகள் மினுக்குகின்றன. அந்தப் பிரம்மாண்டப் பறவை எழும்பும்போது கவனித்துப் பாருங்கள், இறகின் ஒவ்வொரு அடுக்கும் போன்தான். சிறகு விரியும்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சரிகின்றன, ஒளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறது. கூடவே ரசூல் பூக்குட்டியின் ஒலி வேலை. தினமும் கேட்டு அலுத்துப்போன அதிர்வுச் சத்தத்தையே பயமாக்கிவிட்டார்கள். சட்டைப் பையில் இருக்கும் பொருளைப் பார்த்தே பயப்பட வைத்தது சாதாரண வேலை இல்லை.

இன்னொன்று. பல படங்களை முதலில் 2டியில் எடுத்து, பிறகு கணினியில் 3டியாக மாற்றுவார்கள். அதில் ஆட்கள் அட்டையில் வெட்டி ஒட்டியது மாதிரி தட்டையாக நிற்பார்கள். நீரவ் ஷா இதை 3டி கேமராவிலேயே எடுத்தார். இரண்டு கண்ணுக்கு இரண்டு கேமரா, இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஷாட்டுக்கு ஷாட் கணக்குப் போட வேண்டும். இடைவெளி கூடினால் பார்ப்பவருக்குத் தலைவலி, குறைந்தால் ஆழம் போய்விடும். நிதானமான காட்சிகளில்கூட ஆழம் இயல்பாக இருந்தது அதனால்தான்.

ஆனால் அந்த உழைப்பில் பாதி தியேட்டரில் போய்விட்டது. 3டிக் கண்ணாடி போட்டாலே திரைக்கு வரும் வெளிச்சத்தில் பாதிக்குமேல் கண்ணுக்கு வராது. அதற்கு ஈடாக விளக்கைக் கூட்ட வேண்டும். எத்தனை பேர் கூட்டினார்கள்? இரவுக் காட்சி எல்லாம் கரிப்பிடித்துத் தெரிந்தது என்று பலர் சொன்னார்கள். அது படத்தின் குற்றமில்லை. துடைக்காத கண்ணாடியை நீட்டுகிற அரங்குகளின் குற்றம்.

பறவைநோக்கி

பட்சிராஜன் சொல்வது பாதிக்குமேல் நியாயம் என்று கபிலன் எழுதியிருக்கிறார். அதில்தான் எனக்குச் சிக்கல்.

பறவைகள் குறைகின்றன என்பது நிஜமான கவலை. அதைப் பெரிய நடிகர்களை வைத்து இத்தனை லட்சம் பேரிடம் கொண்டுபோனதற்கு ஷங்கருக்கு ஒரு கும்பிடு. ஆனால் காரணம் முழுவதையும் செல்போன் கோபுரத்தின் தலையில் கட்டியதை ஏற்க முடியவில்லை. சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பொந்தில் கூடு கட்டும் பறவை. ஓட்டு வீட்டின் இடுக்கு, சுவரில் சாய்ந்து தொங்கும் போட்டோவின் பின்பக்கம், பழைய வெண்டிலேட்டர், இவைதான் அதன் வீடு. கான்கிரீட் பெட்டிகளில் இடுக்கு ஏது? மளிகைக்கடை வாசலில் சாக்கைத் திறந்து வைத்து அரிசி அளந்த காலம் போய் எல்லாம் பாக்கெட்டுக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் விட முக்கியம், குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சிகளைத்தான். பூச்சிமருந்தும், செடி கொடி இல்லாத முற்றமும் அந்த உணவையே அடியோடு காலி செய்தன. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் சரிவு என்கிறது. கோபுரங்கள் நாடு முழுவதும் பரவிய பிறகு எடுத்த கணக்கு அது.

காந்தப் புலத்தை வைத்துத் திசை அறிவது பற்றிய பேச்சும் உண்டு அல்லவா. வலசைப் பறவைகளுக்கு அந்தத் திறன் இருப்பது உண்மை. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபின் பறவைகளை மரக்குடிலில் வைத்துச் சோதித்தார்கள். நகரத்தின் மின்காந்த இரைச்சலில் அவை திசை தடுமாறின. குடிலைச் சுற்றி அலுமினியத் தகடு பொருத்தி நிலத்தோடு இணைத்து அந்த இரைச்சலைத் தடுத்ததும் சரியாகிவிட்டன. 2014இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. படிக்கும்போது பட்சிராஜனே ஜெயித்துவிட்டார் போலத் தோன்றும். ஆனால் அவற்றைக் குழப்பியது 5 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைகள், அதாவது ஏ.எம். வானொலிப் பக்கம். செல்போன் அலைகள் அதைவிடப் பல மடங்கு மேலே, நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸில் தொடங்குகின்றன. தவிர, நம்மூர்ச் சிட்டுக்குருவி வலசை போவதே இல்லை. அது பக்கத்துத் தெருவுக்குப் போவதற்குத் திசைகாட்டி எதற்கு?

மதுவந்தி

//காரணம் முழுவதையும் செல்போன் கோபுரத்தின் தலையில் கட்டியதை// 

கதை என்றால் ஒரு வில்லனுக்கு ஒரு காரணம்தான் வைக்க முடியும், பறவைநோக்கி சார். வெண்டிலேட்டரை அழித்த இன்ஜினியரைப் பழிவாங்கப் பறவை வந்தால் நன்றாகவா இருக்கும்?

பறவைநோக்கி

:) இருக்காதுதான். நான் கேட்பது வேறு. பட்சிராஜனுக்கு எதிரே ஒரு விஞ்ஞானி நிற்கிறார். சிட்டியைச் செய்த வசீகரன். அவர் ஒரு தடவையாவது "ஐயா, உங்கள் கவலை நிஜம், ஆனால் காரணம் இது மட்டும்தானா" என்று கேட்டிருக்கலாமே? இவர் பறவை அறிஞர், அவர் ரோபோ விஞ்ஞானி. படித்த இரண்டு பேர் மோதும் படத்தில் அறிவியல் விவாதம் ஒன்றுகூட இல்லை. கபிலன் சொன்ன "பதில் சொல்லவில்லை" என்பதை இந்த அர்த்தத்தில் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

படம் வரும் முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது நினைவிருக்கும். கதிர்வீச்சு பற்றித் தவறான தகவல் பரப்புகிறது என்று. இந்தியாவில் கோபுரக் கதிர்வீச்சு வரம்பை 2012இலேயே சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். வரம்பைக் குறைத்தது சரி, அதைச் சரிபார்ப்பவர் யார், பறவைகளுக்கு என்று தனி வரம்பு உண்டா, இப்படியெல்லாம் பட்சிராஜன் நீதிமன்றத்தில் கேட்டிருந்தால் காட்சி எங்கேயோ போயிருக்கும். படத்தில் அமைச்சர் சிரிக்கிறார், முதலாளி விரட்டுகிறார், ஷங்கர் படங்களில் வழக்கமாக வரும் அதே கெட்டவர்கள்.

அப்புறம், பட்சிராஜனின் தோற்றம் பறவை அறிஞர் சாலிம் அலியை நினைவூட்டுகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். சாலிம் அலி பறவைகள் பக்கம் வந்த கதை தெரியுமா? சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். தொண்டையில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மாமா பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார், அங்கே இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயர் அலமாரி அலமாரியாகப் பாடம் செய்த பறவைகளைத் திறந்து காட்டினார். அங்கே தொடங்கியது. படத்தில் மூச்சில்லாமல் பிறந்த குழந்தைமேல் குருவி வந்து உட்கார, உயிர் வருகிறது. எது கனமான கதை? சுட்டவன் காப்பாற்றுபவனாக மாறுவது என் கண்ணுக்கு நூறு மடங்கு மேல். நிஜம் கையிலேயே இருந்தது, அற்புதத்தைத் தேடிப் போனார்கள்.

வாத்தியார்_இயற்பியல்

ஆராவைப் பற்றி, அதாவது உயிர்களைச் சுற்றி இருப்பதாகச் சொல்லும் அந்த ஒளி வட்டத்தைப் பற்றி, யாரும் வாயே திறக்கவில்லையே!

முதல் பாகத்தின் பலம், அதற்குள் ஒரு விதி இருந்தது. சிட்டிக்கு மின்சாரம் வேண்டும். ரயில் சண்டையில் சார்ஜ் தீர்ந்ததும் பொத்தென்று விழுந்தது. சொன்னதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்யும், அதனால்தான் தீ விபத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே ஊர் முன்னால் தூக்கிவந்து நிறுத்தியது. அவள் அவமானம் தாங்காமல் ஓடி லாரியில் அடிபட்டாள். அந்த ஒரு சாவிலிருந்துதான் "இதற்கு உணர்ச்சி கொடுக்க வேண்டும்" என்ற முடிவே வருகிறது. விதி, விளைவு, அடுத்த விதி. அறிவியல் புனைவு இப்படித்தான் நடக்க வேண்டும்.

இதில்? செத்தவரின் ஆராவும் பறவைகளின் ஆராவும் சேர்ந்து போன்களை இழுக்கிறதாம். ஆராவைப் படம் பிடிப்பதாக ஊரெல்லாம் சொல்லும் கிர்லியன் ஒளிப்படம் இருக்கிறதே, அது உயர் மின்னழுத்தத்தில் பொருளைச் சுற்றி ஏற்படும் மின்னிறக்க ஒளி. விரலில் வேர்வை கூடக் குறைய இருந்தாலே படம் மாறும். சரி, கற்பனை என்று விட்டுவிடலாம், பேய்க்கதையில் லாஜிக் கேட்பதில்லை. ஆனால் எதிர்ச்சக்தியை அடக்க நேர்ச்சக்தி என்று ஒரு கருவியைக் கொண்டுவந்து பிடித்து அடைத்த பிறகு, ஒருவன் உள்ளே புகுந்து திறந்துவிட்டதும் எல்லாம் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. அந்த ஆவி எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று கடைசிவரை தெரியாது. எல்லை தெரியாத எதிரியோடு மோதினால் ரசிகனுக்குப் பதற்றம் வராது. யார் பெரிதாக வளர்கிறார்கள் என்று வேடிக்கைதான் பார்க்கலாம். கடைசிச் சண்டை நடக்கும் ஸ்டேடியம் காட்சி எனக்கு அப்படித்தான் போனது.

ஜெபி

டெர்மினேட்டர் இரண்டாம் பாகத்தை வைத்துப் பாருங்கள். 1984 படத்தில் கொல்ல வந்த இயந்திரம், 1991இல் அதே முகத்தோடு காவலுக்கு வருகிறது. அது ஒன்றே போதும், முதல் படத்தைப் பார்த்தவன் ஒவ்வொரு காட்சியிலும் நம்பலாமா வேண்டாமா என்று தவிப்பான். சிறுவன் அதற்கு ஆளைக் கொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறான். கிராபிக்ஸும் கொஞ்ச நேரம்தான். அந்தத் திரவ உலோக மனிதன் உருமாறும் காட்சிகளைச் சேர்த்தால் சில நிமிடங்கள் தேறும். மிச்சமெல்லாம் நடிகர், ஒப்பனை, லாரி, தீ.

கடைசியில் இயந்திரம் தன்னை அழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறது. எந்திரன் முடிவும் கிட்டத்தட்ட அதுதானே? ஷங்கர் இரண்டாம் பாகத்துக்கு உரிய முடிவை முதல் பாகத்திலேயே செலவழித்துவிட்டார். அதற்குமேல் சிட்டியை எங்கே கொண்டுபோவது? அதனால்தான் கதையின் பாரம் முழுக்க வில்லன் பக்கம் சாய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இன்னொரு இடறல். எந்திரன் கடைசிக் காட்சி 2030இல், சிட்டி அருங்காட்சியகத்தில் பாகம் பாகமாக இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள். 2.0 நடப்பதோ அதற்கு முன்னால். ஊரையே காப்பாற்றிய இயந்திரத்தை மறுபடி கழற்றி ஷோகேஸில் வைத்துவிட்டார்களா?

கபிலன்

ஜெபி, "முடிவை முன்பே செலவழித்துவிட்டார்" என்பது நல்ல பிடி. ஆனால் போக இடமே இல்லை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அருங்காட்சியகத்தில் கிடந்த இயந்திரத்தை எழுப்புகிறோம், அது வர மறுக்கிறது. அங்கிருந்தே ஒரு படம் தொடங்கலாம். மனிதன் செய்த கொடுமைக்குப் பழிவாங்கும் ஒருவர், மனிதன் கழற்றிப் போட்ட ஒருவர். பட்சிராஜனும் சிட்டியும் ஒரே பக்கம் நிற்க எல்லாக் காரணமும் இருக்கிறது. அந்தச் சந்திப்பைத்தான் படம் தவறவிட்டது.

மதுவந்தி

பலம் பக்கம் நான் ஒன்று சேர்க்கிறேன். டூயட் இல்லை! எந்திரனில் கதை சூடுபிடிக்கும்போது மாச்சு பிச்சுவுக்குப் போய் ஆடிவிட்டு வந்தார்கள். பாட்டு நல்ல பாட்டு, ஆனால் கதை அங்கே உட்கார்ந்துவிடும். இதில் "புள்ளினங்காள்" பட்சிராஜனின் கதைக்குள்ளேயே வருகிறது. நா. முத்துக்குமார் எழுதியது, படம் வெளியாகும் முன்பே, 2016இல், அவர் போய்விட்டார். ரஹ்மான் அங்கே அடக்கி வாசித்திருக்கிறார். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் வேறு படம் மாதிரி இருக்கும். கிழவர் பறவைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், ஒவ்வொன்றாகச் சாவதைப் பார்ப்பதும். அக்‌ஷய் குமார் குரல் உயர்த்தாமல் நடித்தது அங்கே மட்டும்தான், நன்றாகவும் இருந்தது.

குறை, பெண்கள். முதல் பாகத்தில் வசீகரனின் காதலியாக வந்த சனா போனில் வரும் குரலாகச் சுருங்கிவிட்டாள். எமி ஜாக்சன் செய்யும் நிலா, இயந்திரம். ஆனால் சுவாரசியமான கேள்வி அவளிடம்தான் இருந்தது. சிட்டி ஆண்மாதிரி காதலித்து வம்பில் மாட்டிய மாதிரி, இவளுக்கு உணர்ச்சி உண்டா? இருந்தால் யாருக்குத் தெரியும்? சிட்டியைத் திரும்பப் பூட்டி, அதைக் கெட்ட சிட்டியாக்கும் சிவப்புச் சிப்பைப் பொருத்துவதே அவள்தான். கதையின் பெரிய முடிவை எடுப்பவள் அவள், ஆனால் படம் அதை ஒரு வேலை மாதிரி காட்டிவிட்டுப் போகிறது. (நிலா என்ற பெயரைக் கேட்டதும் அதே பெயரில் நாயகி வரும் "என் இனிய இயந்திரா" நாவல் ஞாபகம் வராத சுஜாதா வாசகர் உண்டா?)

ஜெபி

வந்தது. சுஜாதா 2008இல் போய்விட்டார். எந்திரன் வசனத்தில் அவர் கை இருந்தது, 2.0 வசனம் ஜெயமோகன். அந்த நாவலில் வரும் இயந்திர நாய் ஜீனோவை வைத்து "மீண்டும் ஜீனோ" எழுதி, அறிவியல் புனைவில் இரண்டாம் பாகம் எழுதுவது எப்படி என்று தமிழில் காட்டியவரே சுஜாதாதான். அந்த நாய்க்குட்டியிடம் இருந்த வாய்த்துடுக்கு எந்திரன் சிட்டியிடமும் இருந்தது. கேள்வி பதில் காட்சியில் சிட்டி பேசுவது நினைவிருக்கிறதா? 2.0இல் சிட்டி பேசுவது பஞ்ச் வசனம். நகைச்சுவை போனதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

தலைவர்பக்தன்

கெட்ட சிட்டி மறுபடி வந்தப்போ தியேட்டரே ஆடிச்சே, அது நகைச்சுவை இல்லையா? ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன், அதுக்கு ரொம்ப நேரம் காக்க வெச்சாங்க. இடைவேளைக்கு முன்னாடியே வந்திருக்கணும்.

பறவைநோக்கி

அந்தக் கடைசிச் சண்டையில் ஒன்று உறுத்தவில்லையா யாருக்கும்? புறாக்களைக் கொன்றுவிடுவதாக மிரட்டித்தான் 3.0 குட்டிகள் பட்சிராஜனை வசீகரன் உடம்பிலிருந்து வெளியே வரவைக்கின்றன. பறவைகளுக்காக உயிரைவிட்டவரைப் பறவைகளையே பணயம் வைத்துத் தோற்கடிக்கிறார்கள். அவர் புறாக்களைக் காப்பாற்ற இறங்கி வருகிறார், அதுவே அவர் யார் என்று காட்டிவிடுகிறது. மிரட்டியவர் கதாநாயகன், விட்டுக்கொடுத்தவர் வில்லன். தியேட்டர் கைதட்டியது 3.0க்கு.

தலைவர்பக்தன்

அது தந்திரம் சார். கெட்ட சிப் போட்ட சிட்டி அப்படித்தான் செய்யும். நல்ல சிட்டியால ஜெயிக்க முடியலைன்னு படமே காட்டுதே.

கபிலன்

தலைவர்பக்தன், நீங்கள் போகிற போக்கில் சொன்னது இந்த இழையிலேயே நல்ல பாயிண்ட். நல்ல சிட்டி தோற்கிறது, கெட்ட சிட்டி ஜெயிக்கிறது. முதல் படத்தில் எந்தச் சிப்புக்காக அதைக் கழற்றிப் போட்டார்களோ, அதே சிப்பு இல்லாமல் இப்போது ஊரைக் காப்பாற்ற முடியவில்லை. எவ்வளவு பயங்கரமான விஷயம்! இதைப் படம் தெரிந்தே வைத்திருந்தால், முடிவில் வசீகரன் அமைச்சர் முன்னால் நின்று செல்போன் கட்டுப்பாடு பற்றி மட்டும் பேசிவிட்டுப் போயிருக்க மாட்டார். "நான் பூட்டியது எதை" என்று அவர் ஒரு நிமிடம் நின்றிருப்பார்.

வாத்தியார்_இயற்பியல்

அந்த ஒரு நிமிடத்துக்குப் பதில்தான் ஸ்டேடியத்தில் இருபது நிமிடம் கிடைத்ததே.

நெய்தல்

நான் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. வீட்டில் 3டி வசதி கிடையாது. சாதா டிவியில் பார்த்தால் தேறுமா, எந்திரனை முதலில் பார்க்க வேண்டுமா?

ரீல்பெட்டி

எந்திரனை முதலில் பாருங்கள், முழுசாக. 2.0வை 2டியில் தாராளமாகப் பார்க்கலாம். ஸ்டேடியச் சண்டையில் நம் மூக்கை நோக்கி வீசுகிற சமாச்சாரங்கள் சப்பென்று இருக்கும், மற்றபடி நஷ்டமில்லை. டிவியில் வெளிச்சம் குறையாது என்பதால் காட்டுக் காட்சி தியேட்டரில் பார்த்ததைவிடத் தெளிவாகவே தெரியும். டிவி ஸ்பீக்கரை நம்பாதீர்கள், நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் போனை மட்டும் பக்கத்து அறையில் வையுங்கள், முதல் பாதியில் அடிக்கிற வைப்ரேஷன் உங்களுடையதா படத்தினுடையதா என்று குழம்பும்.